நாலு ஐந்தான நாள்

கொழுந்துத் தராசுக்கு முன்னால் நின்று பழகியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 18 கிலோ என்று வைத்திருக்கிற தோட்டத்தில் 17 கிலோ எடுத்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். மழைக் கொழுந்து என்று கொஞ்சம், சாக்குப் பாரம் என்று கொஞ்சம் வெட்டியது போக மிஞ்சுவதுதான் செக்ரோலில் ஏறும். பொகவந்தலாவைப் பக்கத்து மலையொன்றின் கொழுந்து மடுவத்தில், அந்தி நேரத்து மழையில் நனைந்து நின்ற ஓர் அக்கா, "ஐயா, ஒரு கிலோதானே, போட்டு விடுங்களேன்" என்று கேட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கணக்குன்னா கணக்குதான்" என்றார். அக்கா கொங்காணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனார். விடிந்தால் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும்.

அந்தக் கணக்கு கொழும்பில் ஒருமுறை மாறிப்போனது. 2024 பெப்ரவரி கடைசியில் அரசியலமைப்புப் பேரவை கூடியது. தேசபந்து தென்னக்கோனைப் பொலிஸ் மா அதிபராக நியமிக்க அதன் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஆதரவாக நான்கு வாக்குகள், எதிராக இரண்டு. இன்னும் இருவர் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. பேரவை ஏகமனதாக ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால், வந்திருக்கும் உறுப்பினர்களில் குறைந்தது ஐந்து பேராவது ஆதரிக்காத எந்த முடிவும் செல்லாது என்று அரசியலமைப்பின் 41ஆம் உறுப்புரையின் கீழ் தெளிவாக எழுதியிருக்கிறது. தலைமை தாங்கும் சபாநாயகருக்கு முதலில் வாக்கு இல்லை. வாக்குகள் சரிசமமாக நின்றால் மட்டும் அறுதியிடும் வாக்கு ஒன்று உண்டு.

அன்றைய சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன, வாக்களிக்காத இருவரையும் எதிர்ப்பாளர்களோடு சேர்த்து எண்ணினார். நாலுக்கு நாலு என்றாயிற்று. சமநிலை என்று சொல்லித் தம்முடைய அறுதியிடும் வாக்கைப் போட்டார். நாலு ஐந்தானது. பேரவை ஒப்புதல் தந்துவிட்டது என்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்கு அறிவிக்கப்பட்டது. பெப்ரவரி 26ஆம் திகதி நியமனக் கடிதம் கொடுபட்டது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்ப வருவது இந்த ஒரு வாக்குக்குத்தான். பெரும் ஊழல் என்றால் பெட்டி பெட்டியாகப் பணம், மாளிகை, வெளிநாட்டு வங்கி என்றுதான் நமக்கு நினைவு ஓடும். இங்கே எதுவும் கைமாறவில்லை. பேசாமல் இருந்த இருவரின் மௌனத்துக்கு ஒரு அர்த்தம் கற்பிக்கப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கணக்கு மாற்றத்தினால் பொகவந்தலாவை பொலிஸ் நிலையம் உட்பட நாட்டின் அத்தனை பொலிஸ் நிலையங்களும் ஒரு மனிதரின் கட்டளைக்குக் கீழே போயின.

யார் அந்த மனிதர் என்பது பேரவைக்குத் தெரியாத சங்கதி அல்ல. 2023 நவம்பர் 29 அன்று அவர் பதில் பொலிஸ் மா அதிபரானார். இரண்டு வாரம் கழிந்து, டிசம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. 2011இல் நுகேகொடைப் பகுதியில் அவர் பொலிஸ் அத்தியட்சகராக இருந்தபோது, மிரிஹான பொலிஸில் தடுத்துவைக்கப்பட்ட முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டார். அதற்குத் தென்னக்கோனும் பொறுப்பு என்று நீதியரசர்கள் கண்டார்கள். சொந்தப் பணத்திலிருந்து 5 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி பொலிஸ் ஆணைக்குழுவைப் பணித்தார்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இப்படிச் சொல்லி மூன்று மாதம் முடிவதற்குள்தான் அவர் நிரந்தரப் பொலிஸ் மா அதிபரானார்.

சித்திரவதைக்கு ஆளானவருக்கு நீதி கிடைக்கப் பன்னிரண்டு வருடம் பிடித்திருக்கிறது. அதற்குப் பொறுப்பென்று காணப்பட்டவருக்குப் பதவி உயர்வு கிடைக்கப் பன்னிரண்டு வாரம்கூட ஆகவில்லை.

மலையகத்தில் பொலிஸ் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இங்கே "என்ட்ரி போடுவது" என்பது ஒரு நாள் சம்பளத்தைத் தொலைக்கும் வேலை. மேட்டு லயத்திலிருந்து இறங்கி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, வாங்கில் உட்கார்ந்து, பெரியவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றிச் சொல்லப்போன ஒரு தங்கச்சிக்குத் துணையாக நானும் ஒருமுறை போனேன். அவள் தமிழில் சொன்னாள். எதிரே இருந்தவர் சிங்களத்தில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னபோது, "கையெழுத்தைப் போடுங்க, எல்லாம் சரியாக இருக்கு" என்றார். தமிழும் ஆட்சிமொழி என்று 13ஆம் திருத்தம் சொல்லி, அப்போதே முப்பது வருடம் தாண்டியிருந்தது. அவளுடைய அழுகையில் பாதிதான் அந்தப் புத்தகத்தில் ஏறியது என்று வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. அந்த அதிகாரி கொடியவரென்று நான் சொல்லமாட்டேன். மேலே விதி வளைந்தால் கீழே இருப்பவருக்கு அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. அதைத்தான் சொல்கிறேன்.

2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் பெயர் மலையகத்தில் வேறொரு காரணத்துக்காக அடிபட்டது. நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்கிய வர்த்தமானிக்கு எதிராகப் பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. நடைமுறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்றன. இடைக்காலத் தடை கிடைத்தது. கொழுந்து மலைகளில் மனம் கசந்துபோனது, எனக்கும்தான். அதே மாதம் 24ஆம் திகதி, கர்தினால் மெல்கம் ரஞ்சித் உள்ளிட்டோர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை எடுத்துக்கொண்ட அதே நீதிமன்றம், தென்னக்கோன் பொலிஸ் மா அதிபராகக் கடமையாற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஒரே மாதத்தில் இரண்டு உத்தரவுகள். ஒன்று நம் வயிற்றில் அடித்தது, மற்றது நம் முதுகைக் காத்தது. இரண்டிலும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கேள்வி நடைமுறை சரியா என்பதுதான். கம்பனிகள் நடைமுறையைக் கையிலெடுத்துக்கொண்டு படியேறுகின்றன. நாமும் அதைக் கையிலெடுக்கப் பழக வேண்டும்.

அதன்பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆட்சி மாறியது. 2023 டிசம்பர் 31ஆம் திகதி நடந்த ஒரு சம்பவத்தின் விசாரணை சூடுபிடித்தது. கொழும்புக் குற்றப் பிரிவிலிருந்து ஒரு குழு வெலிகமவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. ஒரு ஹோட்டலுக்கு முன்னால் அது துப்பாக்கிச் சூடு நடத்தியது. அவர்கள் யாரென்று தெரியாத வெலிகம பொலிஸார் துரத்திச் சென்று திருப்பிச் சுட்டார்கள். கொழும்பிலிருந்து போன பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் இறந்துபோனார். பொலிஸ்காரரின் குண்டில் பொலிஸ்காரர். அந்தச் சம்பவம் தொடர்பாக 2025 பெப்ரவரி கடைசியில் மாத்தறை நீதவான் தென்னக்கோனைக் கைதுசெய்ய உத்தரவிட்டார். பொலிஸ் மா அதிபர் பதவிப் பெயரைச் சுமந்தவரைப் பொலிஸே சுமார் மூன்று வாரம் தேடியது. மார்ச் 19 அன்று அவராகவே நீதிமன்றத்தில் சரணடைந்தார். அந்தக் குற்ற வழக்கு தன் பாதையில் போகிறது. அதன் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும்.

பதவி நீக்கம் வேறு பாதை. அதைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் எப்படி நீக்குவது என்று சொல்கிறது. பிடிக்கவில்லை, நம் ஆளில்லை, முந்தைய ஆட்சியின் ஆள் என்பவையெல்லாம் அதில் காரணங்கள் அல்ல. துர்நடத்தை அல்லது ஊழல், அதிகாரத்தைப் பாரதூரமாகத் துஷ்பிரயோகம் செய்தல், கடமையைப் பாரதூரமாகப் புறக்கணித்தல், பதவியில் பாரதூரமான பாரபட்சம் என்று அந்தப் பட்டியல் போகிறது. நோயினால் இயலாமையும் வங்குரோத்தும்கூட உண்டு. "பாரதூரமான" என்ற சொல்லை யாரோ ஒரு சட்ட வரைஞர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். சின்னத் தவறுக்காக ஒருவரைத் தூக்கி எறிய முடிந்தால், நேர்மையான அதிகாரியும் அமைச்சரின் தொலைபேசிக்குப் பயப்படுவார்.

2025 மார்ச்சில் 115 உறுப்பினர்கள் ஒப்பமிட்டுப் பிரேரணை கொடுத்தார்கள். ஏப்ரல் 8 அன்று விசாரணைக் குழு அமைக்க 151 பேர் வாக்களித்தார்கள். உயர் நீதிமன்ற நீதியரசர் பிரீத்தி பத்மன் சூரசேன தலைவர். நீதியரசர் நீல் இத்தவலவும் பொலிஸ் ஆணைக்குழுத் தலைவர் லலித் ஏக்கநாயக்கவும் உறுப்பினர்கள். பாராளுமன்ற உறுப்பினர் எவரும் அதில் இல்லை. சாட்சிகள் வந்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரும் தம் பக்கத்தைச் சொல்ல இடமிருந்தது. 23 குற்றச்சாட்டுகளில் 19 நிரூபணமாயின. நாலு ஆகவில்லை. அந்த நாலும் எனக்கு முக்கியம். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் குழுவாக இருந்திருந்தால் 23க்கு 23 என்று வந்திருக்கும். ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றத்தில் 177 பேர் நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. இலங்கை வரலாற்றில் பாராளுமன்றத் தீர்மானத்தால் நீக்கப்பட்ட முதல் பொலிஸ் மா அதிபர் அவர்.

இதற்கு நேரெதிராக ஒன்றை நாம் 2013இல் பார்த்தோம். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க, உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசர். திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளின் அதிகாரத்தைத் தொடுகிறது, அவற்றின் கருத்தைக் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்று அவருடைய தலைமையிலான நீதிமன்றம் சொன்னது. சில வாரங்களுக்குள், 2012 நவம்பர் 1 அன்று, 117 உறுப்பினர்கள் ஒப்பமிட்ட குற்றப் பிரேரணை சபாநாயகர் கைக்கு வந்தது. 14 குற்றச்சாட்டுகள்: தம் முன் வழக்கிருந்த நிறுவனமொன்றின் வீட்டைச் சகோதரிக்காக வாங்கியது, வங்கிக் கணக்குகளை வெளிப்படுத்தாதது, கணவர் மீதான வழக்கு என்று பல. அவை பொய்யென்று நான் வாதிட வரவில்லை. நீதியரசர் ஒருவரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான் அவை. கேட்டது யார், எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

11 பேர் கொண்ட தெரிவுக்குழுவில் ஏழு பேர் அரசாங்கத்தவர்கள். குற்றஞ்சாட்டிய அணியே தீர்ப்பும் சொல்ல உட்கார்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் பக்க ஆவணங்களைக் கையில் கொடுத்து, மறுநாளே பதில் கேட்டார்கள். டிசம்பர் 6 அன்று அவர் எழுந்து வெளியேறினார். அடுத்த நாள் இரா. சம்பந்தன், விஜித ஹேரத், லக்ஷ்மன் கிரியெல்ல, ஜோன் அமரதுங்க ஆகிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நால்வரும் விலகினார்கள். எஞ்சிய ஏழு பேரும் சாட்சிகளை அழைத்து, அவர் இல்லாமலே விசாரித்து, ஒன்றிரண்டு நாளில் அறிக்கையை முடித்தார்கள். மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின என்றார்கள். இப்படியொரு தெரிவுக்குழுவுக்கு, வெறும் நிலையியற் கட்டளையை வைத்துக்கொண்டு ஒரு நீதியரசரைக் குற்றவாளியாகக் காணும் அதிகாரம் கிடையாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் காதில் வாங்கவில்லை. 2013 ஜனவரி 11 அன்று 155க்கு 49 என்று நீக்கத் தீர்மானம் நிறைவேறியது. நாலு நாளில் மொஹான் பீரிஸ் பதவியேற்றார்.

பிற்பாடு, 2015 ஜனவரியில் புதிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, அந்த நீக்கமே சட்டப்படி நடக்கவில்லை என்று ஷிராணியை மறுபடி ஆசனத்தில் அமர்த்தினார். அவர் ஒரு நாள் இருந்து ஓய்வுபெற்றார். அடுத்துப் பிரதம நீதியரசரானவர் க. ஸ்ரீபவன். அந்த முறையைப் பற்றியும் எனக்குச் சங்கடமுண்டு. 2014இல் உயர் நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியிருந்தது. நல்ல நோக்கத்தோடு செய்தாலும், ஒரு கடிதத்தால் பிரதம நீதியரசர் ஒருவரை இல்லாதவராக்க ஒரு ஜனாதிபதிக்கு முடிந்தால், அடுத்த ஜனாதிபதிக்கும் அது முடியும்.

இந்தியாவில் 1993இல் நடந்தது இன்னொரு மாதிரி. தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி வி. ராமசாமி மீதான 14 குற்றச்சாட்டுகளில் 11ஐ நீதிபதிகள் குழு நிரூபணமானதாகக் கண்டது. மே 11 அன்று மக்களவையில் ஆதரவாக 196 பேர் வாக்களித்தார்கள், எதிராக ஒருவரும் இல்லை. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தேவையான பெரும்பான்மை வரவில்லை, அவர் பதவியில் தொடர்ந்தார். டில்லியில் மௌனம் ஒருவரைக் காப்பாற்றியது. கொழும்பில் இருவரின் மௌனம் எதிர்ப்பாக எண்ணப்பட்டு, அந்த எதிர்ப்பே ஒருவரைப் பதவியில் ஏற்றியது.

நம்முடைய தொகுதிக்கே திரும்பி வருகிறேன். பொகவந்தலாவை உள்ளிட்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து 1977இல் மூவர் பாராளுமன்றம் போனார்கள்: காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க, சௌமியமூர்த்தி தொண்டமான். அவர்களில் காமினி, லலித் அத்துலத்முதலியோடு சேர்ந்து 1991 ஓகஸ்டில் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணையைக் கொண்டுவந்தார். தொண்டமான் பிரேமதாசவின் பக்கம் நின்றார். அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரைப்படி குற்றம் சாட்டி ஜனாதிபதியை நீக்கக் காரணங்கள் திட்டமானவை: வேண்டுமென்றே அரசியலமைப்பை மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யும் துர்நடத்தை அல்லது ஊழல், ஒழுக்கக்கேடான குற்றம். பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொண்ட பிறகு உயர் நீதிமன்றம் விசாரிக்க வேண்டும், அதற்குப் பிறகு மறுபடியும் மூன்றில் இரண்டு வேண்டும். 1991இல் அந்த வாசல்வரைகூட யாரும் போகவில்லை. பாராளுமன்றம் இடையில் ஒத்திவைக்கப்பட்டது. ஒக்டோபரில் சபாநாயகர் எம். எச். மொஹமட், போதிய செல்லுபடியான ஒப்பங்கள் இல்லை என்று பிரேரணையை நிராகரித்தார். குற்றச்சாட்டுகள் உண்மையா பொய்யா என்பது இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் ஆராயப்படாமலே போயிற்று. மலையகத்து வாக்கில் போன இருவர் இரண்டு பக்கமும் நின்ற விவகாரம் இது. ஆனாலும் அவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்று லயங்களில் கேட்டவர்கள் குறைவு.

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயக் கல்லறையைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் அடிக்கடி வருவார்கள். புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். அவர் பக்கத்தில் படுத்திருக்கும் கணவரை யாரும் கவனிப்பதில்லை. சார்ல்ஸ் ஹே கமரூன், கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவின் கமரூன். இந்த நாட்டில் எல்லா மக்களுக்கும் பொதுவான நீதிமன்ற ஒழுங்கை 1833இல் கொண்டுவந்த நீதிச் சாசனம் அவருடைய பரிந்துரையிலிருந்து வந்தது. கண்டிச் சிங்களவருக்கு ஒன்று, கரையோரத்தாருக்கு ஒன்று என்று இருந்த பிரிவை அது நீக்கியது. அவரே கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர் என்பதையும், அந்தத் தோட்டங்களுக்குக் காடு வெட்டிய நம் பாட்டன்மாருக்கு அந்தச் சமநீதி எட்டவில்லை என்பதையும் மறக்க மாட்டேன். ஆனாலும் சட்டத்தின் முன் அனைவரும் ஒன்று என்ற யோசனையை இந்தத் தீவில் எழுதியவரின் எலும்பு நம் ஊர் மண்ணில்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய இடம் அது.

பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறிய பின்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நியமிக்கப்பட்டவர் போய்விட்டார். நாலை ஐந்தாக்கியவர்களிடம் யார் கணக்குக் கேட்பது? பேரவையின் நடவடிக்கைக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. அன்றைய சபாநாயகர் இப்போது பாராளுமன்றத்தில் இல்லை. அரசியலமைப்பின் ஒரு வரியை வளைத்து ஒப்பமிட்டவர்களுக்கு ஒரு கண்டனம்கூட இல்லாமல் இந்தக் கதை முடிந்தால், அடுத்த பேரவையிலும் யாராவது மௌனத்தை எண்ணுவார்கள். புதிய அரசியலமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஓட்டையை அடைக்கும் ஒரு வரியை அதில் எழுத வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் எட்டு உறுப்பினர்களிடமும் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அவர்கள் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார்கள் என்பது ஹன்சாட்டில் பெயரோடு பதிவாகியிருக்கும்.

கடைசியாக, பொலிஸ் நிலையத்திலோ கச்சேரியிலோ அதிகாரி ஒருவரால் உரிமை மீறப்பட்டு நிற்கும் சகோதரிக்கும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. என்ட்ரி போட்டால் அதன் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புரியாத மொழியில் எழுதியதில் ஒப்பம் வைக்காதீர்கள், தமிழில் கேளுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம்தான். கொழும்புக்குப் போகப் பணமில்லையென்றால், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. நடந்த திகதியை அன்றிரவே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.